கோத்தம் கொலைகளும் திண்டுக்கல் புகையிலையும்

2018-ல் வந்த 'பேட்மேன்: கோத்தம் பை கேஸ்லைட்' அனிமேஷன் படத்தைப் போன வாரம் இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். கொலைகாரன் யாருன்னு கீழே சொல்லிடுவேன். பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திக்கலாம்.

மூலம் 1989-ல் வந்த காமிக்ஸ். எழுத்து பிரையன் அகஸ்டின், ஓவியம் மைக் மிக்னோலா. 1888-ல் லண்டனில் பெண்களை வெட்டிக் கொன்ற ஜாக் த ரிப்பர், கடல் தாண்டி பேட்மேன் ஊருக்கு வந்திருந்தால்? இதுதான் முடிச்சு. காமிக்ஸில் கொலைகாரன் ஜேக்கப் பேக்கர், வேய்ன் குடும்பத்துக்கு வேண்டியவன். இந்தக் கதைக்காகவே உருவாக்கின ஆள், அதனால் பெரிய அதிர்ச்சி இல்லை. படத்தின் இயக்குநர் சாம் லியூவும் எழுத்தாளர் ஜிம் கிரீகும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜேம்ஸ் கோர்டனையே ரிப்பர் ஆக்கிட்டாங்க. பேட்மேன் கதைகளில் நாம் கண்ணை மூடிக்கிட்டு நம்பின ஒரே போலீஸ்காரர்! ஊரைச் சுத்தம் பண்றதா நினைச்சுக்கிட்டு கத்தியைத் தூக்குறார். விக்டோரியா காலத்து ஒழுக்கப் பேச்சுக்குள்ளே இருந்த வன்மத்தைப் படம் சரியாப் பிடிச்ச இடம் இது ஒன்றுதான்.

ஆனா துப்பறிதல் எங்கே? கோர்டன் வீட்டு நிலவறைக்குள் போய் நின்னா உண்மை தானா வந்து விழுது. அடிதடிக்குக் குறைச்சல் இல்லை. மோட்டார் சைக்கிள், உலகக் கண்காட்சி, எரியும் ராட்சத ராட்டினம் எல்லாம் இருக்கு. அந்தக் காலத்து மூளையைத்தான் காணோம்.

ரிப்பருக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1887-ல் வந்தது ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதை 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'. தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே, கொலைகாரன் பிடிச்சது திருச்சினாப்பள்ளி சுருட்டுன்னு ஹோம்ஸ் சொல்றார். பேருதான் திருச்சி. அந்தச் சுருட்டுகளுக்குப் புகையிலை போனது எங்க திண்டுக்கல் பக்கத்துக் காடுகளிலிருந்து. வேடசந்தூரில் இன்னைக்கும் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. லண்டன் கொலை ஒன்றில் எங்க ஊர் சரக்கு சாட்சி சொல்லுது! அந்த மாதிரி ஒரே ஒரு சாம்பல் துணுக்கு இந்தப் படத்தில் கிடைக்குமான்னு தேடித்தான் இரண்டாவது தடவை உட்கார்ந்தேன். கிடைக்கலை.

எங்க தாத்தா சுருட்டு பிடிச்சா சாம்பல் ஒரு விரற்கடை நீளத்துக்கு உதிராம நிக்கும். தட்டவே மாட்டார்.