பெட்டி காட்டும் வரலாறு

ஆற்றங்கரை நடைபாதைகளில் ஊர் வரலாற்றைக் கற்றுத்தர, ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடும் விளையாட்டான ஜியோகேஷிங் நல்ல வழி என்கிறார்கள் அதன் ஆர்வலர்கள். இதை ஏற்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: தேடி வந்தவர், அந்த இடத்துக்கு வராமல் தெரிந்துகொள்ளவே முடியாத எதையாவது தெரிந்துகொண்டு திரும்புகிறாரா?

இந்தக் கேள்வியைச் சோதிக்க, அமெரிக்காவின் போட்டோமாக் ஆற்றை ஒட்டிச் செல்லும் செசபீக் - ஒஹையோ கால்வாய் தகுந்த இடம். 1828இல் தொடங்கிய வேலை 1850இல்தான் கம்பர்லாந்து நகரை எட்டியது. நீளம் 297 கிலோமீட்டர். படகுகளை ஏற்றி இறக்க 74 மதகுகள். 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. பின்னாளில் கால்வாயின் மேல் வாகனச் சாலை போடும் திட்டத்தை ஒரு நாளிதழ் ஆதரித்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதன் ஆசிரியர்களைத் தம்மோடு நடந்து பார்க்க அழைத்தார். 1954இல் அவரே முழுத் தொலைவும் நடந்தார். 1971இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. நடந்து கண்டால்தான் விளங்கும் என்ற வாதம் காப்பாற்றிய பாதை இது.

ஜியோகேஷிங் 2000ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியதும், டேவ் உல்மர் என்பவர் ஆரெகனில் ஒரு வாளியை ஒளித்துவைத்து அது இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார். பெட்டி, அதற்குள் கையெழுத்திட ஓர் ஏடு. இன்றும் விளையாட்டின் அடிப்படை இதுதான். இதன் நன்மை பெரிது. எந்தப் பலகையும் சுட்டாத மூலைக்கு ஆட்களைக் கொண்டுவருகிறது. நடக்கச் சலிக்கும் பிள்ளைகளை நடக்க வைக்கிறது. ஆனால் பெட்டியைத் தேடும் கண் பொந்தைத் தேடுகிறது. பழைய கல்கட்டில் பொந்து தேடி விரல் நுழைவதும் கல் நகர்வதும் சேதம். தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிப் பெட்டி வைக்கக் கூடாது என்ற விதி நியாயமானதே.

பல நிறுத்தங்கள் கொண்ட மல்ட்டி கேஷ் இன்னும் நுட்பமானதாகத் தோன்றும். கல்வெட்டிலுள்ள ஆண்டைக் கண்டு, கூட்டிக் கழித்து, அடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் 1833 என்ற ஆண்டிலிருந்து நான்கு இலக்கங்களை எடுத்துக்கொண்டு போகிறவர், இந்தக் கால்வாயின் மொனாக்கசி தொட்டிப்பாலம் அந்த ஆண்டில் ஏழு வளைவுகளோடு முடிந்ததை அறிய வேண்டிய தேவையே இல்லை. வரலாறு இங்கே வெறும் பூட்டெண்.

பெட்டியே இல்லாத வகைகளில்தான் விடை இருக்கிறது. வெர்ச்சுவல் கேஷில் இடத்தைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். ஆனால் பாடம் ஏதும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 2005க்குப் பிறகு புதிதாக வைக்க வாய்ப்பும் அரிது. 2004இல் அமெரிக்கப் புவியியல் கழகத்தோடு இணைந்து உருவான எர்த்கேஷ் கறாரானது. புவியியல் பாடம் கட்டாயம்; நேரில் நின்று கவனித்துத்தான் பதில் சொல்ல முடியும்; விதிப்படி இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே வெளியாகும். பாறைக்குக் கிடைத்த இந்த ஒழுங்கு மனிதர் உழைப்புக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்தால் என்ன கேட்கலாம்? இதே கால்வாயிலுள்ள பா பா சுரங்கத்தின் கைப்பிடிக் கட்டையில், கோவேறு கழுதைகள் இழுத்த கயிறு அறுத்த தடங்கள் இருக்கின்றன. அவை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் விழுந்திருக்கின்றன, படகு எங்கே போயிருக்கும் என்று கேட்கலாம். மதகுக் கற்களில் கொத்தர்கள் பொறித்த குறிகளைத் தேடச் சொல்லலாம். 1832இல் காலரா இந்தக் கால்வாய்த் தொழிலாளர்களைக் கொன்றது. பொறியாளர் பெருமை மட்டும் பேசும் பலகையில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்றும் கேட்கலாம்.

பெட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது வலுவான மறுப்பு. அதற்காகப் பெட்டியைத் தொல்கட்டுமானத்தில் வைக்க வேண்டியதில்லை. அனுமதி பெற்று, பாதை முடியும் பொது இடத்தில் வைக்கலாம். எழுதப்படும் வரலாறு சரிதானா என்ற ஐயத்துக்கும் வழியுண்டு: உள்ளூர் வரலாற்றுச் சங்கம் சரிபார்க்கட்டும்.

எனவே தீர்ப்பு இது. ஜியோகேஷிங் ஆட்களை இடத்துக்குக் கொண்டுவருவதில் தேர்ந்தது. கற்பிப்பதில், இன்றைய பெட்டி வடிவத்தில், தோற்றது. வரலாற்றுக்கும் எர்த்கேஷ் போன்ற கட்டாய விதி வரும்வரை, ஆற்றங்கரைப் பாதை நிர்வாகங்கள் பெட்டியை வரலாற்றுக் கல்வி என்று விளம்பரப்படுத்தக் கூடாது.