மருந்துக் குப்பிகளும் மைக்கூடும்

எழுதும் பழக்கத்தைப் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் மூன்றாவது பத்திக்குள் ஆந்தனி டிராலப் வந்துவிடுவார். காலை ஐந்தரை மணி. மேஜைமேல் கடிகாரம். கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள். இப்படி 47 நாவல்கள், அவற்றில் இருபதையாவது அஞ்சல்துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் நானும் போன வருஷம் அலாரம் வைத்தேன்.

நான் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர். சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் நகைக்கடை விளம்பரம், சப்டைட்டில் மொழிபெயர்ப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆன்லைன் பாடம், இதெல்லாம்தான். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. இதற்கிடையில் ஒரு நாவல் மூணு வருஷமா அறுபதாவது பக்கத்திலேயே நிற்கிறது. அலாரம் பதினோரு நாள் வேலை செய்தது. பன்னிரண்டாம் நாளும் ஐந்தரைக்கு எழுந்தேன், ஆனா நாவலைத் திறக்கவில்லை. முந்தின ராத்திரி வாட்ஸப்பில் வந்து விழுந்த ஒரு ‘அர்ஜெண்ட்’ வேலையை முடித்து அனுப்பினேன். (அந்தக் காசு இன்னும் வரவில்லை. அது வேற கதை.)

அதற்கப்புறம்தான், டிராலப்பைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை விட்டுவிட்டு, அவரே எழுதிய தன்வரலாற்றை உட்கார்ந்து படித்தேன். எழுபதுகளின் நடுவில் எழுதி, தான் இறந்தபிறகு வெளியிடும்படி வைத்துவிட்டுப் போனது, 1883இல் வந்தது. விசித்திரமான புத்தகம். நாட்குறிப்பில் தினமும் எத்தனை பக்கம் எழுதினார் என்று கணக்கு வைக்கிறார். ஒரு பக்கம் என்றால் 250 சொல். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம், குறைந்தால் 20, ஏறினால் 112. ஒரு வாரம் சோம்பி இருந்தால் அந்தக் காலிக் கட்டங்கள் கண்ணில் குத்தும் என்கிறார். ரயிலில் மடிப்பலகை வைத்துப் பென்சிலால் எழுத, மனைவி ரோஸ் அதைப் படியெடுத்துத் தருகிறார். ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ பெரும்பாலும் அப்படி ரயிலில் எழுதப்பட்டதுதான். கடைசியில் ஒவ்வொரு நூலுக்கும் வந்த பணத்தைப் பட்டியலிட்டுக் கூட்டிக் காட்டுகிறார்: 68,939 பவுண்டு, 17 ஷில்லிங், 5 பென்ஸ். எழுத்தாளனைச் செருப்புத் தைப்பவரோடு ஒப்பிடுகிறார். தெய்வீக உந்துதலை நம்பியிருந்த இலக்கிய உலகம் இதை ரசிக்கவில்லை. புத்தகம் வந்தபின் அவர் மதிப்பு சரிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது. எழுத்தாளர்கள் காசைப் பற்றிப் பேசவே கூச்சப்படும் நம் சூழலில் 17 ஷில்லிங்கையும் விடாமல் எழுதிய மனுஷன்!

ஆனால் அலாரம் வைக்கச் சொல்பவர்கள் சொல்லாமல் விடும் இரண்டு விஷயங்கள் இதே புத்தகத்தில் இருக்கின்றன. ஒன்று, 1867இல் வேலையை விடும்போது அவர் எழுத்தை நம்பிக் குதிக்கவில்லை. விட்டுப்போகும் ஓய்வூதியத்துக்கு ஈடான வருமானம் தரும் அளவு சேமித்த பிறகுதான் விட்டார். அந்தக் கடிகாரம் சம்பளக்காரருடையது. காலை மூணு மணி நேரம் முழுக்க அவருடையதாக இருந்தது. மீதி நாளுக்கு அரசாங்கம் படியளந்தது. ஃப்ரீலான்ஸருக்குக் காலையும் விற்பனைச் சரக்குதான். இன்னொன்று, வால்தம் கிராஸ் வீட்டில் அவரை எழுப்பிக் காபி கொடுத்தது ஒரு வயதான குதிரைக்காரர். அதற்காக வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடக் காபி தாமதமாகவில்லையாம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று டிராலப் எழுதுகிறார். பெருந்தன்மைதான். 5 பவுண்டையும் 68,939 பவுண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

யாரையும்விட அவருக்கே என்கிறார் இல்லையா, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். ஏனென்றால் அதே புத்தகத்தின் ஆரம்பத்தில், அதிகாலை நாலு மணிக்கு மேஜையில் உட்கார்ந்து, ஊர் எழுவதற்குள் அன்றைய எழுத்தை முடித்துவிடும் ஒருவர் வருகிறார். அவருடைய அம்மா, ஃபிரான்சஸ் டிராலப். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் கடை வைத்து நொடித்து, ஊர் திரும்பி, அந்த அனுபவத்தை எழுதி 1832இல் முதல் புத்தகம் வெளியிட்டபோது அவருக்கு 50 வயது தாண்டிவிட்டது. 1834இல் கடன்காரர்களுக்குத் தப்பிக் குடும்பமே பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்கு ஓடுகிறது. அங்கே மகன் ஹென்றி காசநோயில் சாகக் கிடக்கிறான். கணவரும் படுக்கையில். சமையலுக்கும் மருந்துக்கும் வாடகைக்கும் நாவல் வந்தாக வேண்டும். மருந்துக் குப்பிகளும் மைக்கூடும் அம்மாவின் அறைகளில் சரிசமமாக இடம்பிடித்திருந்தன என்று மகன் நினைவுகூர்கிறார். அந்த டிசம்பரில் ஹென்றி இறந்தான், அடுத்த வருஷம் கணவர். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். மொத்தம் 114 தொகுதிகள். (அன்றைய நாவல்கள் பெரும்பாலும் மூன்று தொகுதிகளாக வரும்.)

தன் கடிகாரத்தைப் பற்றி எழுதும் இடத்தில் டிராலப்புக்கு இந்த அம்மா ஞாபகம் வரவில்லை. குதிரைக்காரர் வருகிறார், அம்மா இல்லை. புத்தகத்தின் பெரிய ஓட்டை என்று நான் சொல்வது இதைத்தான். அம்மாவின் உழைப்பைப் புகழ்கிறார், தான் கண்டவர்களிலேயே மகிழ்ச்சியாக இருக்கத் தெரிந்தவர் என்கிறார். எழுத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்குத் தெளிவான பார்வை இல்லை, மிகைப்படுத்துவார் என்று தள்ளிவைத்துவிடுகிறார்.

அப்பா கதை இன்னும் பாவம். நடக்காத வக்கீல் தொழில், நடக்காத விவசாயம், கூடவே தலைவலி. காலை ஆறு மணிக்கு அவர் சவரம் செய்யும்போது சின்னப் பையன் ஆந்தனி பக்கத்தில் நின்று லத்தீன் விதிகளை ஒப்பிக்க வேண்டும். தப்பு விட்டால் கத்தியைக் கீழே வைக்காமலே முடியைப் பிடித்து இழுக்க வசதியாகத் தலையைச் சாய்த்து வைத்திருக்க வேண்டும். அந்த அப்பா கடைசிவரை தினமும் ஒரு திருச்சபைக் கலைக்களஞ்சியம் எழுதிக்கொண்டிருந்தார். முடியவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒழுங்கு என்று பார்த்தால் அந்த வீட்டில் அவருக்கும் குறைவில்லை. தினமும் உட்கார்ந்தால் போதும் என்று சொல்பவர்களுக்கு இவரை என்ன செய்வதென்று தெரியாது.

அம்மாவுக்கு வாங்க ஆள் இருந்தது, அதனால் பிழைத்தார் என்று முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. நான் என் எழுத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: காசுக்கு எழுதுவது, எனக்காக எழுதுவது. ஃபிரான்சஸிடம் அந்தப் பிரிவினை இல்லை. 1836இல், அந்தச் சாவுகளின் நடுவே வந்த அவருடைய ‘ஜொனாதன் ஜெஃபர்சன் விட்லா’ அடிமைமுறைக்கு எதிரான நாவல். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ வர இன்னும் 16 வருஷம் இருக்கிறது. அப்புறம் பஞ்சாலைச் சிறுவர்களைப் பற்றி எழுத மான்செஸ்டருக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு ‘மைக்கேல் ஆம்ஸ்ட்ராங்’ எழுதினார். இவை வாடகைக்காக எழுதியவைதான். அவற்றுக்குள்ளேயே அவர் கோபத்தை வைத்துவிட்டார். மகன் சொன்ன மிகை இவற்றில் இல்லை என்று சொல்ல மாட்டேன். 114 தொகுதிகளில் இன்று பெரும்பாலும் படிக்கப்படுவது அந்த முதல் அமெரிக்கப் புத்தகம்தான் என்பதும் உண்மை. அந்த விலை எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

இப்போ அலாரம் வைப்பதில்லை. டிராலப்பின் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். தினமும் எத்தனை சொல் என்று குறிக்கிறேன். முதலில் இரண்டு பத்தி போட்டிருந்தேன், போன மாசம் ஒன்றாக்கிவிட்டேன். ஐந்தாம் வகுப்புக்கு ஏரிகளைப் பற்றி ஒரு பாடம் கேட்டிருந்தார்கள். எங்க ஊர் ஏரியில் மதகு திறக்கும் நாளைப் பற்றி மூணு பத்தி எழுதிக் கொடுத்தேன். ‘ரொம்ப லோக்கலா இருக்கு’ என்று இரண்டை வெட்டினார்கள். வெட்டிய இரண்டும் இப்போது நாவலின் அறுபத்தோராம் பக்கத்தில் இருக்கின்றன.