குறையிலா நாடும் அன்பர் நாடும்

கம்பநாடர் தாம் புனைந்த கோசலத்தில், வறியோர் இன்மையால் வண்மைக்கும் இடமில்லை என்பர். கற்பனை வனப்புடைத்தே, ஆயினும் ஈவதற்கு இடமில்லா நாட்டில் ஈரநெஞ்சம் புலப்படுமாறு யாங்ஙனம்?

வலைவளம் நாடோறும் ஒருபடித்தன்று என்பதனைக் கடியப்பட்டணம் முதலிய கடற்றுறைகளில் வாழ்வார் நன்கறிவர். 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமானும் அவ்வுண்மையை மறைத்திலர். நாகைப் பரதவர் தலைவராகிய அதிபத்த நாயனார், பட்ட மீன்களுள் ஒன்றை நாடோறும் இறைவற்கென்று கடலில் விடுத்துவந்தார். ஒரு மீனே பட்ட நாட்களிலும் அதனையே விடுத்தார், சுற்றம் பசித்தது, தம் உடலும் தளர்ந்தது. பின்னர்ப் பொன்மீன் ஒன்றே அகப்பட, அதனையும் விடுத்தார்.

வறுமையில்லா நாட்டை அவாவுதல் தக்கதே. பிறர் பசி தீர்த்தல் சைவர்க்குக் கடனுமாம். எனினும், ஆணவமலம் நீங்கா உயிர்கள் வாழும் நாடு எத்துணை வளமுற்றும் குறையுடைத்தே. வளங் குன்றியவழியும் அன்பு குன்றாமையே நன்னாட்டிற்கு உரைகல்லாம் என்க.

திருச்சிற்றம்பலம்.