மஞ்சள் சட்டையின் கனம்

ஜூலை இரவுகளில், கொடைக்கானலை அடுத்த பேத்துப்பாறைக் குளிரில் போர்வைக்குள் உட்கார்ந்தபடி பிரான்ஸ் மலைகளைப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. இங்கே எட்டரை, அங்கே மாலை ஐந்து. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் கடைசி மலையில் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

மூன்று வாரம், 21 கட்டங்கள். மொத்த நேரத்தில் முந்தியிருப்பவருக்கு மஞ்சள் சட்டை. 1919 முதல் உள்ள வழக்கம்.

வெல்ல வருபவரைவிட, வென்றதைக் காக்க வருபவரையே நான் அதிகம் ரசிக்கிறேன். எல்லோர் கண்ணும் அவர்மேல்தான். 2022 ஜூலை 13 அன்று கலிபியே மலையில் விங்கேகோரும் அணித்தோழர் ரோக்லிச்சும் மாறி மாறிப் பாய்ந்தார்கள். இரண்டு முறை வென்றிருந்த போகாச்சர் ஒவ்வொரு பாய்ச்சலையும் தானே துரத்திப் பிடித்தார். அந்தக் கடனைக் கிரானோன் கணவாய் வசூலித்தது. கொடைக்கானலைவிட உயரமான 2,413 மீட்டர் முகடு அது. நூறு மீட்டர் போனால் ஒன்பது மீட்டர் உயரும் ஏற்றம். அங்கே போகாச்சர் தளர்ந்தார். சட்டை டென்மார்க்காரர் விங்கேகோரிடம் போனது.

மறுநாளே போகாச்சர் மீண்டும் பாய்ந்தார். சில நாள் கழித்து, ஸ்பாண்டெல் இறக்கத்தில் அவர் விழுந்தபோது விங்கேகோர் காத்திருந்தார், இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள். அந்த முறை வென்ற பட்டத்தை, 2023-இல் விங்கேகோர் 7 நிமிடம் 29 விநாடி வித்தியாசத்தில் காத்தார்.

பெருமாள்மலைச் சாலையில் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம், அந்தக் கைகுலுக்கல்தான் நினைவுக்கு வருகிறது.