கறுப்பு வலையாகப் பார்த்து வாங்குங்கள்

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கோவனூர் தாண்டிப் பாலமலைக்கு ஏறுகிற வழியில் நடந்துகொண்டே இருக்கிறவரை கொசுத் தொல்லை பெரிதாகத் தெரியாது. தண்ணீர் குடிக்க பேக்கை இறக்கி நின்றோமோ இல்லையோ, காதோரம் ரீங்காரம் ஆரம்பித்துவிடும். நம் மூச்சுக்காற்றும் வியர்வையும் உடல் சூடும் அதற்குத் தாம்பூலம் வைத்து அழைப்பு. மூங்கில் கட்டையிலும் மரப்பொந்திலும் தேங்கிய மழைத்தண்ணீரில் பிறந்து, காலில் வெள்ளை வரி போட்டுக்கொண்டு வரும் புலிக்கொசு அது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் இனம். பகலில்தான் கடிக்கும்.

மலையில் ஏது கொசு என்று கேட்பவர்கள் உச்சியை நினைத்துப் பேசுகிறார்கள். வெள்ளியங்கிரியின் ஏழாவது மலையில் அடிக்கிற காற்றில் கொசு நிற்காது, வாஸ்தவம். அடிவாரமும் ஓடைப் பள்ளமும் வேறு கதை. 1897இல் ஊட்டியில் இருந்த ரொனால்டு ராஸ், மலேரியாவை ஆராய்வதற்காகச் சீகூர் மலைச்சரிவுக்குப் போனார். அந்தக் காய்ச்சலே அவரைப் பிடித்துப் படுக்கையில் தள்ளியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவரும் அவர்தான்.

இந்த மழைக்காலம் முழுக்க நான் பேக்கில் வைத்திருந்தது ஒரு தலைவலை. தொப்பிக்கு மேல் கவிழ்த்துக் கழுத்தில் இறுக்கிக்கொள்வது. எடை, நீளம் எல்லாம் அட்டையிலேயே போட்டிருக்கும். சுருட்டினால் சட்டைப் பையில் அடங்கும். கொசு நுழையாதா என்றால், நுழையாது. எந்த நல்ல வலையும் அந்த வேலையைச் செய்துவிடும். என் கேள்வி ஒன்றுதான்: இதைப் போட்டுக்கொண்டால் எதிரே யானை நிற்பது தெரியுமா?

இது விளையாட்டுப் பேச்சில்லை. பெரியநாயக்கன்பாளையம் வனச்சரகத்தில் யானை நடமாடாத பாதை என்று எதையும் நான் சொல்லமாட்டேன். எங்களுக்கு வழிகாட்ட வந்த இருளர் பெரியவர், நண்பர் மாட்டியிருந்த வெள்ளை வலையைப் பார்த்ததுமே நின்றுவிட்டார். "அதைய மூஞ்சில மூடிட்டு வராதீங்க சாமி. ஆன நின்னாலும் கண்ணுக்குத் தெரியாதுங்க." அவர் சொன்னது முழுக்கச் சரி. வெள்ளை நூலில் வெயில் பட்டால் அந்த வெளிச்சம் சிதறிக் கண்ணுக்குள்ளேயே வந்து விழுகிறது. எதிரே ஒரு பால்திரை. நிழலில் நிற்கிற மூங்கில் புதரும் அதற்குள் நிற்பதும் ஒரே சாம்பலாகிவிடும். கறுப்பு நூல் வெளிச்சத்தை விழுங்கிக்கொள்கிறது. சிறிது தூரம் நடந்ததும் வலை இருப்பதே கண்ணுக்கு மறந்துபோகும்.

நான் வாங்கியது கறுப்பு. அந்த ஒரு காரணத்துக்காகவே அதன் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்கிறேன். இலைக் கொழுந்தில் நிற்கும் பூச்சி தெரிகிறது, பாறையில் படிந்த பாசி தெரிகிறது, கால் வைக்கிற இடம் தெரிகிறது. கொசுவுக்காக ஓட்டமும் நடையுமாகக் கடந்துகொண்டிருந்த ஓடைக்கரையில் இப்போது சாவகாசமாக உட்கார்ந்து இருவாச்சியைத் தேட முடிகிறது. மலைக்குப் போவதே அதற்குத்தானே? வெளிச்சம் குறைந்தபின் மட்டும் எந்த வலையானாலும் பார்வையைக் குறைக்கும். பொழுது சாயும் முன்னே காட்டைவிட்டு இறங்கிவிடுவதுதான் முறை.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது சத்தம். துணி விறைப்பு. தலையைத் திருப்பினால் காதில் சரசரக்கிறது. மூங்கில் முறிகிற ஓசையைக் கேட்டாக வேண்டிய இடத்தில் அது ஆகாது. இரண்டு தடவை துவைத்த பிறகு கொஞ்சம் மட்டுப்பட்டது, போகவில்லை.

இரண்டாவது, கழுத்து எலாஸ்டிக். இந்த வலையை வடிவமைத்தவர் முதுகில் பேக்கோடு மலை ஏறியதில்லை என்று அடித்துச் சொல்வேன். நாம் குனிந்து நிமிரும்போதெல்லாம் தோள் பட்டை வலையின் ஓரத்தை இழுத்து, பிடரியில் விரல்கடை அகலத்துக்கு வாய் பிளந்துவிடும். அதன் வழியே ஒரே ஒரு கொசு உள்ளே வந்தால் போதும், வலை போடாமலே வந்திருக்கலாம் என்று ஆகிவிடும். வலையின் ஓரத்தைச் சட்டைக் காலருக்குள் திணித்து, மேலே துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறேன். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குத் துண்டு முட்டுக்கொடுக்க வேண்டியிருப்பது எரிச்சல்தான்.

கிரிக்கெட் தொப்பிக்கு மேல் இதை மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் மட்டும் விளிம்பு இருந்தால் வலை காதிலும் பிடரியிலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் கொசு வெளியே உட்கார்ந்தபடியே ஊசி போட்டுவிடும். சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி கட்டாயம்.

கைக்கும் காலுக்கும் களிம்புதான். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்த டீட் திரவம் கொசுவை அண்டவிடவில்லை. ஆனால் என் கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக் கண்ணாடியைப் பிசுபிசுக்க வைத்துவிட்டது. 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான டீட்டுக்கு அந்தக் குணம் உண்டு, பலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். நம்மூர் மருந்துக் கடையில் கிடைக்கும் ஓடோமாஸில் இருப்பது வேறு மருந்து, டைஎதில் பென்சமைடு 12 சதவீதம். வியர்வையில் கரைந்துபோகும், அவ்வப்போது மறுபடி தடவ வேண்டும். எனக்கு அது போதும். கொசுவத்தியைக் காட்டுக்குள் எடுத்துப்போகவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் தீ என்ன செய்தது என்று பார்த்துவிட்டோம். செல்போனில் கொசுவை விரட்டும் ஒலி எழுப்புவதாகச் சொல்லும் ஆப்களையும் அழித்துவிடுங்கள். அந்த வகை ஒலிக் கருவிகளைப் பற்றிய 10 கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2007இல் காக்ரேன் மதிப்பீடு சொன்ன முடிவு: கடி குறையவே இல்லை.

இதையெல்லாம் எழுதும்போது என் மனது கரூர்ப் பக்கம்தான் போகிறது. இழையிலேயே பூச்சிமருந்து கலந்து அங்கே பின்னுகிற கொசுவலைகள் ஆப்பிரிக்காவின் மலேரியாத் தடுப்புக்குக் கப்பல் ஏறுகின்றன. வலைத்தொழில் அத்தனை ஆழமாக வேரோடிய ஊர் நம் கொங்கு நாட்டிலேயே இருக்க, நான் தலைவலைக்கு எங்கிருந்தோ வந்த ஒரு பொட்டலத்தை நம்ப வேண்டியிருக்கிறது. கட்டில் வலையின் தடித்த இழை இதற்குச் சரிப்படாது. சரசரக்காத மெல்லிய கறுப்பு நைலான், சதுர அங்குலத்துக்கு 156 கண், எலாஸ்டிக்குக்குப் பதில் அக்குள் வழியே இழுத்துக் கட்டும் நாடா, மார்புவரை இறங்கும் நீளம். கரூரில் யாராவது இப்படித் தைத்தால், இப்போது கொடுத்ததைப் போல் இரண்டு மடங்கு விலை வைத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அதுவரை கறுப்பு வலையும் கழுத்துத் துண்டும்தான். வெள்ளை வலையை இலவசமாகக் கொடுத்தாலும் காட்டுக்குள் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.