பழனிப் பாடல்களில் 'நான்' யார்?

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் கூட்டத்தோடு போனவர்களுக்குத் தெரியும்: திருப்புகழின் சந்தம் கால்நடைக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். வாய் பாடிக்கொண்டே போகும். என்ன பாடுகிறோம் என்பது பிறகுதான் உறைக்கும். பழனிக்கென்று அருணகிரிநாதர் பாடியவற்றில் தொண்ணூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பல விலைமாதரின் கூந்தலிலும் கண்ணிலும் தொடங்குகின்றன. அவர்களிடம் மயங்கிக் கெட்டேன், என்னை ஆட்கொள் என்று பிறகு திரும்புகின்றன.

கெட்டது யார்?

தன் வாழ்க்கையைத்தான் பாடினார் என்று நம்புகிறோம். இளமையில் தீய வழியில் போய், திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தபோது முருகன் தாங்கினான் என்ற கதையை, 1964-இல் டி. எம். சௌந்தரராஜன் நடித்த 'அருணகிரிநாதர்' படம் ஊரெங்கும் கொண்டு சேர்த்தது. ஆனால் கதையின் பெரும்பகுதி பாடல்களை வைத்தே பின்னப்பட்டதாகத் தெரிகிறது. பாட்டிலிருந்து வாழ்க்கையை எடுத்து, அதைக் கொண்டே பாட்டுக்குப் பொருள் சொல்கிறோம். கண்ணதாசன் பாட்டில் அவர் வாழ்க்கையைத் தேடுகிறவர் அவருடைய தன்வரலாறான 'வனவாச'த்தோடு ஒத்துப் பார்க்கலாம். அருணகிரிக்கு அப்படியொரு சாட்சி இல்லை. மன்னன் பிரபுடதேவராயன் பெயரைப் பாட்டில் சொல்வதால் 15-ஆம் நூற்றாண்டு என்று காலம் பிடிபடுகிறது, அவ்வளவுதான்.

இந்தத் தெளிவின்மையைக் குறையாக நான் எண்ணவில்லை. பேரும் நாளும் ஒட்டாத அந்த 'நான்', தன் தவறை வாய்விட்டுச் சொல்லக் கூசும் எவருக்கும் இடம் கொடுக்கிறது. இன்னும் ஆழமான ஒன்று உண்டு. மயக்கத்தைச் சொல்லும் முற்பாதிக்கும் முருகனைப் போற்றும் பிற்பாதிக்கும் சந்தம் ஒன்றே. வெறுக்கிறேன் என்று சொல் சொல்லும்போதே நாக்கு அந்த இனிப்பைச் சுவைத்துக்கொண்டிருக்கிறது. ஆசை தீராதவன் பாட்டு இது. வாழ்ந்து பார்க்காமல் இது வராது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்றை மன்னிக்க முடியவில்லை. பத்துப் பாடல்களைச் சேர்த்துப் படித்தால் அந்தப் பெண்கள் எல்லாரும் ஒருத்தியாகிவிடுகிறார்கள்: கூந்தல் மேகம், கண் வேல், பேச்சு பொய், கை பொருளுக்கு நீளும். சொந்த வாழ்க்கையில் கண்டவர்கள் என்றால் ஒருத்தியாவது தனி முகத்தோடு நின்றிருக்க வேண்டாமா? தன் பிழையை ஒப்புக்கொள்ளத் தொடங்கியவர் பழியை அவர்கள் தலையில் இறக்கிவைத்துவிடுகிறார். இந்த வரிகள் குறைந்த பாடல்களையே இன்று பெரும்பாலும் மேடையில் பாடுகிறார்கள். கூச்சம் புரிகிறது. ஆனால் முற்பாதி இல்லாமல் பிற்பாதியின் கதறல் எதற்கென்று விளங்காது.

கொடைக்கானலைத் தாண்டி, மலைப்பூண்டு விளையும் பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. அருணகிரி அந்த ஊருக்கும் பாடியிருக்கிறார். அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். இரவில் தூங்கிக்கொண்டிருந்த அவரைக் கொல்ல ஓர் அரக்கி வந்தாள். முருகன் குழந்தையாகி அவருடைய காவித் துணிக்குள் ஒண்டிக்கொண்டான். தாயும் பிள்ளையும் உறங்குவதாக எண்ணி அவள் விலகிப் போனாள். பெண்களிடமிருந்து தப்பிக்க அத்தனை பாடல்களில் மன்றாடிய புலவரை மலைக்காரர்கள் ஒரு தாயாக்கிப் படுக்க வைத்திருக்கிறார்கள். கொல்ல வந்தவளுக்கும் இரங்கும் மனதைக் கொடுத்திருக்கிறார்கள். பழனிப் பாடல்களின் விலைமாதருக்குக் கிடைக்காமல் போனது அது.