வேலும் கித்தாரும்

முருகன் பாடலுக்குக் கித்தார் பொருந்துமா என்னும் வினாவை எதிர்கொள்ளாமல் சுசீலா ராமனின் இசைவாழ்வை மதிப்பிடல் இயலாது. 1973இல் இலண்டனில், தஞ்சைத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, சிட்னியில் வளர்ந்தவர் அவர். இளமையிற் கருநாடக இசை பயின்றார். பின்னர் ராக் இசைக்குழுவில் பாடினார். இலண்டன் திரும்பிக் கித்தார்க் கலைஞர் சாம் மில்சுடன் இணைந்த பின்னரே இவ்விரு பயிற்சிகளும் ஒன்றையொன்று சந்தித்தன.

2001இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பான 'சால்ட் ரெயின்', பிரிட்டனின் மெர்குரி பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. தீட்சிதர், தியாகராசர் கீர்த்தனைகள் அதில் உண்டு. எனினும் அங்கே கீர்த்தனை கீர்த்தனையாகவே நிற்கிறது. கித்தார் அதன் தோளிற் போர்த்திய பொன்னாடை. அழகுதான். கழற்றிவிட்டாலும் பாட்டுக்குக் குறைவில்லை.

2011இல் வந்த 'வேல்' அவ்வாறன்று. பக்திப் பாடகி கோவை கமலாவிடம் கற்ற முருகன் பாடல்களில், சுசீலாவின் குரல் தன் மெருகைத் துறந்து அடித்தொண்டையிலிருந்து எழுகிறது. ஒரே அழைப்பு மீண்டும் மீண்டும் வந்து வேகம் கொள்கிறது. கித்தார் பக்கத்துணையாக நில்லாமல் உறுமியின் வேலையைத் தானே ஏற்கிறது. ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் தோட்டக் கோயிற் காவடியின் முன்னே உறுமி மேளம் முழங்கக் கேட்டவர்க்கு இதனை விளக்க வேண்டா. இவ்விசை முருகனுக்கு ஏற்றதன்று என முகம் சுளிப்போர் ஒன்றை எண்ணல் வேண்டும். ஓதுவாரும் நாதசுரமும் கிட்டாத இடத்தில், பால்மரம் சீவிய நம் முன்னோர் கைக்குக் கிடைத்த கருவி கொண்டே அவனை அழைத்தனர். கருவியின் ஊர் கேட்டா அவன் வந்தான்? அதே தொகுப்பின் ஆங்கிலப் பாடல்களில் இந்த வெப்பம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2018இல் அவர் சாவகத்துக் கமெலான் இசைஞரோடு 'கோஸ்ட் கமெலான்' தொகுப்பை வெளியிட்டார். அதில் ஒரு பாடலின் பெயர் 'தன்பா நாமா'. நம் மாணவர்க்கு அதற்குப் பொருள் கூற வேண்டியதில்லை. சாவக வழியினர் வாழும் தஞ்சோங் காராங் வயல்களுக்கும் நம் தோட்டங்களுக்கும் இடையே ஒரு சாலைத் தொலைவுதான். அவர்தம் குடா கெப்பாங் ஆட்டத்தின் வெண்கல ஒலியும் நம் உறுமியும் ஒரே வட்டாரத்தில் ஒலித்தன. அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு குரல் நடக்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. இலண்டனிற் பிறந்தவர்க்குத் தோன்றிற்று.